முக்கொம்புக்குப் போனவள்

கோர்ட்டுச் சேவகர் கதவைத் தட்டியபோது கமருன்னிசா அடுப்படியில் ஆட்டுக்கால் வாட்டிக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளை பெயருக்குச் சம்மன் என்று காதில் விழுந்ததும் பீமநகர் தெருவில் பாதி சனம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. காகிதத்தை அவள் புருஷன் குத்புதீன்தான் வாங்கிப் படித்தார். படித்து முடிப்பதற்குள் முகம் சுண்டிப் போயிற்று. அவருடைய தங்கை சுராயா, தன் பக்கத்துச் சாட்சியாக அண்ணன் பெண்டாட்டியையே கூப்பிட்டிருந்தாள்.

வழக்கு இவ்வளவுதான். பாலக்கரையில் ஒரு சின்ன ஓட்டு வீடு, குத்புதீனின் தாயார் சாரா பீவிக்குச் சொந்தம். மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு நாலு மாதம் முன்னால் அந்த அம்மாள் சாவியை மகள் கையில் வைத்து, "இது உனக்குத்தான், மனசாரத் தந்தேன்" என்று சொல்லிவிட்டார். சுராயாவும் புருஷன் ஷேக் தாவூதோடு அங்கே குடியேறிவிட்டாள். எழுத்து ஒன்றும் கிடையாது. முஸ்லிம்களுக்குள் வாய்ச்சொல்லே போதும், ஆனால் அதைக் கேட்டவர் வந்து சொல்ல வேண்டும். கேட்டது கமருன்னிசா ஒருத்திதான். அந்த நேரத்தில் அவள் மாமியாருக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அண்ணனுக்குத் திடீரென்று ஞானம் வந்து, அப்படி யாரும் யாருக்கும் ஒன்றும் தரவில்லை, வீட்டைக் காலி செய் என்று தங்கை மேல் வழக்குப் போட்டார்.

பெரிய கடைவீதியில் தகரப் பெட்டியும் குடையும் விற்று வசதியாக இருக்கிற மனிதருக்கு ஒழுகுகிற ஓட்டு வீடு எதற்கு? கமருன்னிசா கேட்டுப் பார்த்தாள்.

"உரிமைன்னு ஒண்ணு இருக்கில்லே. உனக்கு அதெல்லாம் விளங்காது" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடியும்.

சம்மனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் நேரே ஸ்ரீரங்கம் போனார். உத்தர வீதியில் வக்கீல் பராங்குசம் அய்யங்கார் சாவகாசமாக வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கா இப்படி வேர்த்துண்டு வந்தீர்? உம்ம சம்சாரம் கோஷா ஸ்திரீதானே? வெளியிலே வர வழக்கமில்லாத ஸ்திரீகளைக் கோர்ட்டுக்கு இழுக்கப்படாதுன்னு சட்டமே இருக்கு. ஒரு மனுப் போடுவோம். கமிஷனரா யாராவது ஒரு வக்கீலை உம்ம ஆத்துக்கே அனுப்புவா. திரைக்கு அந்தண்டை அவர், இந்தண்டை உம்ம சம்சாரம். பக்கத்திலே நீர்."

பக்கத்தில் நீர் என்றாரே, அதுதான் குத்புதீனுக்கு வேண்டியிருந்தது. புருஷன் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்டாட்டிக்கு மாமியார் சொன்னது ஞாபகம் வரும்?

மனு தயாரானது. கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக என் மனைவி, உறவு வீட்டு நல்லது கெட்டதுக்கு மூடு வண்டியில் போனதைத் தவிர வாசற்படி தாண்டியதில்லை என்று அதில் குத்புதீன் சத்தியம் செய்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் எழுதிக் கொடுத்ததிலேயே உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். எத்தனை தடவை கேட்டிருப்பாள் அவள். ஒரு தடவை முக்கொம்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் இரண்டும் ஸ்கூலோடு போய்விட்டு வந்து கதை கதையாகச் சொல்கிறார்கள் என்று. "கோஷா வீட்டுப் பொம்பளை ஆத்தங்கரையில போய்க் குந்துவாளா?" என்பார். அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

மனுவுக்குச் சுராயா பக்கத்திலிருந்து பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வக்கீல் குமாஸ்தா இன்னாசிராஜ் வந்த அன்று குத்புதீன் ஊரில் இல்லை. சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்தார். குமாஸ்தா சூதுவாது இல்லாத மனிதர். கையெழுத்து வாங்கப் போகிற இடத்தில் விஷயத்தைப் படித்துக் காட்டாமல் வாங்குவது பாவம் என்று நினைக்கிறவர். வாசல் திரைக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். எழுதிக் கொடுத்திருந்தது ஷேக் தாவூது.

"போன ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நான் ஆபீஸ் நண்பர்களோடு முக்கொம்புக்குப் போயிருந்தேன். மதகுக்குக் கீழே வாதி தம் மனைவியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் கண்டேன். அந்த அம்மாள் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வறுத்த மீன் தின்றார்கள். தண்ணீரில் இறங்கியபோது அவர்களுடைய செருப்பை வாதி தம் கையில் வாங்கிக்கொண்டார். மச்சான் மனைவியின் திறந்த முகத்தைப் பார்ப்பது முறையல்ல என்பதால் நான் உடனே தலையைத் திருப்பிக்கொண்டு அப்பால் போய்விட்டேன். அவர்கள் போட்டிருந்த காப்பிக் கலர் புர்கா என் மனைவி தன் கையால் தைத்து அவர்களுக்குக் கொடுத்தது. ஆகவே சந்தேகம் இல்லை. இப்படி ஊர் சுற்றுகிறவர்கள் கோஷா ஆக மாட்டார்கள்."

மரியாதை தெரிந்த மனிதர் ஷேக் தாவூது. ஒரு நொடி மரியாதையை மறந்து பார்த்திருந்தால் அது யார் முகம் என்று தெரிந்திருக்கும்.

"இதெல்லாம் பொய்யின்னு நாம பதில் போடணும்மா. இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று குமாஸ்தா திரைக்கு அடியில் காகிதத்தை நீட்டினார்.

"அவங்க ஊர்லேருந்து வரட்டுங்க" என்றாள் கமருன்னிசா.

குமாஸ்தா போனதும் பெட்டியைத் திறந்து காப்பிக் கலர் புர்காவை வெளியே இழுத்தாள். ஆடியில் பத்து நாள் அது வீட்டில் இல்லை. சலவைக்குப் போட்டிருக்கிறேன் என்று அவரே சொன்னார். பெண்டாட்டி துணியைச் சலவைக்குப் போடுகிற அளவுக்கு இந்த மனிதருக்கு எப்போது அக்கறை வந்தது என்று அன்றைக்கு அவள் பூரித்துத்தான் போனாள், பைத்தியக்காரி. இப்போது வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். கீழ் ஓரத்தில் சுற்றிலும் சின்னச் சின்ன ஊசித் துளை. யாரோ இரண்டு விரல் உயரத்துக்கு மடித்து ஓட்டுத் தையல் போட்டு, பிறகு பிரித்திருக்கிறார்கள். மடிப்புக்குள் ஆற்று மணல் நாலைந்து பொடி இன்னும் இருந்தது.

ஆக, போட்டவள் குள்ளம். குள்ளம் என்றதும் ஆள் தெரிந்துவிட்டது. கடைக்குப் பக்கத்துக் கடை அப்துல் சலாமின் விதவை வஹீதா. புருஷன் இறந்த துக்கத்துக்கு இருக்கிற இத்தா முடிந்த பிறகு, பாவம் தனியாக இருக்கிறாளே என்று கமருன்னிசாதான் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துப் பிரியாணி போட்டாள். இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள் என்று கறித்துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அந்தக் கையை என்ன செய்தால் தகும் என்று இருந்தது அவளுக்கு.

யாராவது பார்த்தாலும் பெண்டாட்டியோடு வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று பெண்டாட்டி புர்காவையே அவளுக்கு மாட்டிவிட்டிருக்கிறார். மூளைதான். மூன்று நாள் கமருன்னிசாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் இன்னொருத்தியைத் தொட்டிருப்பார் என்ற நினைப்பைக்கூட விழுங்கிவிடுவாள் போலிருந்தது. அந்தச் செருப்புத்தான் தொண்டையில் நின்றது. பதினாலு வருஷத்தில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை அந்தக் கை. பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதுகூட, "சுராயா, உங்க அண்ணிக்கு என்னமோ வேணுமாம்" என்று குரல் மட்டும்தான் வரும். அந்தக் கை ஆற்றங்கரையில் ஊர் பார்க்க ஒருத்தியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு நின்றதாம். பொறாமை என்றால் இப்படி உடம்பு காய்கிற மாதிரி இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

குத்புதீன் வந்தார். ஸ்ரீரங்கம் போய் விஷயம் தெரிந்துகொண்டுதான் வந்தார். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முன்சீப் உன்னையே நேர்ல விசாரிக்கணும்ங்கறார். அவர் ரூமுக்குள்ளயே திரை கட்டி, அதுக்குப் பின்னால வச்சு. கோஷாவா இல்லையான்னு தெரிஞ்சுக்கவாம். வராட்டி வாரண்டு, போலீஸ் வரும்" என்றார். வெளியே வருவதில்லை என்பதை நிரூபிக்க வெளியே வர வேண்டும், அதுதான் சட்டம். "நீ வந்து, முக்கொம்புக்குப் போனது நான்தான்னு சொல்லிடு."

"வஹீதான்னு சொன்னா என்ன?"

பேரைக் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை. அதற்குக்கூட மெனக்கெடவில்லை.

"ஒரே ஒரு நாள், சும்மா காத்து வாங்கப் போனோம். இதை ஊருக்குச் சொல்லி என்ன ஆகப்போவுது? நான் இல்லேன்னு நீ சொன்னா, மானம் போனது போனதுதான்னு மறுநாளே அவளை நிக்காஹ் பண்ணி இந்த வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடுவேன். நான்தான்னு சொல்லு, அப்புறம் கமிஷனர் இங்கே வர்றப்போ நான் சொல்றதைச் சொல்லு. கேஸ் ஜெயிச்சா அவ பாலக்கரையோட இருந்துக்குவா. உன் வாசலை மிதிக்க மாட்டா."

ஒழுகுகிற ஓட்டு வீட்டுக்கு உரிமை எங்கிருந்து முளைத்தது என்று அப்போதுதான் கமருன்னிசாவுக்கு விளங்கியது. தங்கையைத் தெருவில் நிறுத்திவிட்டு வஹீதாவைக் குடிவைக்க வீடு. அதற்குச் சாட்சி இவள்.

"சரிங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் பாடம் நடந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்.

"எங்கே உட்கார்ந்தோம்?"

"மதகுக்குக் கீழே."

"எதுல போனோம்?"

"டாக்சியில."

"என்ன சாப்பிட்டோம்?"

"வறுத்த மீன். முள்ளு எடுத்துக் கொடுத்தீங்களா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

"எடுத்துக் கொடுத்தேன்னு சொல்லு" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு.

"நான் சிரிச்சேனா?"

"கேட்டா, சிரிச்சேன்னு சொல்லேன்."

உலகத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டிக்கு இப்படிப் பாடம் நடத்தியிருக்க மாட்டான். இன்னொருத்தியோடு கழித்த பொழுதை வரி வரியாக ஒப்பிக்க வைத்தார், அவளும் ஒப்பித்தாள். முள் எடுத்துக் கொடுத்ததை, கரையேறும்போது கை கொடுத்ததை எல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். புண்ணை நகத்தால் கீறிக்கொள்கிற சுகம் அது. முடிவில் ஒவ்வொரு நாளும் அவர் சொல்வது ஒன்றுதான்: "வேற எங்கேயாவது போனீங்களான்னு கேட்டா, அந்த ஒரு தடவைதான்னு சொல்லு. வருஷத்துல ஒரு நாள் வெளியே போனா கோஷா போயிடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார்."

அந்த ஒரு தடவைதானா? ஞாயிற்றுக்கிழமைகளை அவள் உட்கார்ந்து யோசித்தாள். கல்யாணம் என்று மண்ணச்சநல்லூர் போனார், அங்கே யாருக்குக் கல்யாணம் என்று இன்றுவரை தெரியாது. நாகூர் கந்தூரிக்கு வியாபாரம் என்று போனவர் ஒரு குடைகூட எடுத்துப் போகவில்லை. சட்டைப் பையில் மேட்னி டிக்கெட் இரண்டு துண்டு இருந்தது. ஒவ்வொன்றும் இப்போது எழுந்து உட்கார்ந்தது. ஆனால் எல்லாம் சந்தேகம்தான், எதுவும் கண்ணால் கண்டதில்லை. உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் அவளால் மூச்சு விட முடியாது போலிருந்தது.

விசாரணை நாளில் மூடு குதிரை வண்டியில் கண்டோன்மெண்ட் போனார்கள். முன்சீப் அறையில் ஒரு மூலையில் பச்சைத் துணி கட்டி, பின்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. துணியில் நிழல் நிழலாக ஆட்கள் தெரிந்தார்கள். அல்லா பேரால் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தாள். பொய்ச் சத்தியம் என்று தெரிந்தேதான் செய்தாள். அதற்கு வேண்டிய மன்னிப்பை முதல் நாள் தொழுகையிலேயே அழுது கேட்டு வைத்திருந்தாள்.

சுராயாவின் வக்கீல் அமிர்தராஜ் கேட்டார். மெதுவான குரல், பாதிரியார் மாதிரி.

"ஆடி மாசம் முக்கொம்புல உங்க வீட்டுக்காரரோட இருந்தது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க. நான்தான்."

திரைக்கு அப்பால் குத்புதீன் தொண்டையைச் செருமிக்கொண்டது கேட்டது. நிம்மதிச் செருமல். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தண்ணியில இறங்கினப்போ உங்க செருப்பை யார் வச்சிருந்தாங்க?"

"அவங்கதாங்க. கையில வாங்கிக்கிட்டாங்க." அந்த இடத்தில் மட்டும் குரல் உடைந்தது. கூச்சம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"இந்தப் பதினாலு வருஷத்துல இப்படி வெளியே போனது அந்த ஒரு தடவைதானா?"

அந்த ஒரு தடவைதாங்க என்ற பதில் வாயில் தயாராக இருந்தது. ஒரு வாரம் உருப்போட்டது. திரைக்கு அப்பால் அவர் நிழல் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றதைப் பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லீங்க. நிறையத் தடவை" என்றாள்.

"எங்கெங்கே?"

"மண்ணச்சநல்லூர் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நாகூர் கந்தூரிக்கு ரயில்ல போனோம். மேட்னி சினிமாவுக்குப் போனோம்." நிறுத்தியிருக்கலாம். தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் வாய் நிற்கவில்லை. இத்தனை வருஷம் கேட்டு, கிடைக்காமல், ராத்திரி தனியாக நினைத்துப் பார்த்துக்கொண்ட இடமெல்லாம் தானாக வந்தது. "கல்லணைக்குப் போனோம். ஸ்ரீரங்கத்துல ஏகாதசிக் கடையில வளையல் வாங்கிக் கொடுத்தாங்க, கடைக்காரர்கிட்ட விடாம அவங்களே மாட்டிவிட்டாங்க. கொள்ளிடத்து மணல்ல பொழுது சாயற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்."

பராங்குசம் அய்யங்கார் எழுந்துவிட்டார். "சாட்சி பயத்திலே ஏதோ பிதற்றறா. இதை எழுதப்படாது."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "பிதற்றுகிற மாதிரி தெரியவில்லை. வாசற்படி தாண்டியதில்லை என்று சத்தியம் செய்தவர் இவர் கணவர். அவரையே கேட்போம்" என்று குத்புதீனைப் பார்த்தார். "நீர் சொல்லும். மண்ணச்சநல்லூருக்குப் போனீர்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் சந்தேகம் எழுந்துவிட்டால் முன்சீப் முக்கொம்பையும் தோண்டுவார், தோண்டினால் வஹீதா வெளியே வருவாள். குத்புதீன் அவ்வளவும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"போனோம்" என்றார்.

"நாகூர்?"

"போனோம்."

"சினிமா?"

"போனோங்க."

கமருன்னிசா துணியில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். இதற்காகத்தானே ஆரம்பித்தாள். குரல் எங்கே தடுமாறுகிறது, எது நிஜம், எது மானத்துக்காகச் சொல்கிற பொய் என்று பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். கல்லணை என்றார் முன்சீப். அதுவும் போனோம். ஏகாதசிக் கடை, கொள்ளிடத்து மணல், எல்லாம் போனோம். எல்லாம் ஒரே குரலில் வந்தது. அவளாகக் கட்டிவிட்டதுக்கும் அவர் தலையை ஆட்டினார், எதுவும் பிரிபடவில்லை.

முன்சீப் எழுதி முடித்துப் படித்தார். கோஷா என்ற மனு தள்ளுபடி. பொய் வாக்குமூலத்துக்கு நடவடிக்கை எடுக்காமல் விடுவதற்குக் குத்புதீன் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டும். சாட்சி கமருன்னிசா பதினாலாம் தேதி நேரில், எல்லாரையும்போல் கூண்டில் ஏறி, சாரா பீவி வீட்டைக் கொடுத்தது பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் வாரண்டு.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் குத்புதீன் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டார். வண்டி கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"நீங்கதானே உங்களோட வந்தவளாப் பேசச் சொன்னீங்க. பேசினேன்."

அவர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வயது ஒரே நாளில் கூடினாற்போல் இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குள்ளேயும் அந்த அரிப்பு நிற்கவில்லை.

"மண்ணச்சநல்லூர், நாகூரு, சினிமா, அது மூணும்தான் எனக்குச் சந்தேகம்" என்றாள். "கல்லணை, வளையலு, கொள்ளிடம் எல்லாம் நான் சும்மா ஆசைக்குச் சொன்னது. நீங்க அதுக்கும் சரின்னுட்டீங்க."

குத்புதீன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போன முகம். கோபம்கூட அதில் இல்லை.

"சும்மா இல்லே" என்றார். "அங்கெல்லாமும்தான் போனோம்."

கமருன்னிசா பாலக்கரைத் திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாலாம் தேதி கோர்ட்டு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டாள்.

"பத்தரைக்கு."

"பத்து மணிக்கே வண்டியை வரச் சொல்லுங்க."